பல் உடைத்த கேசட்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. ஏழாவது ஆல்பத்தைப் புகழ்ந்து ஆறு பக்கம் எழுதுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே, அதிலேயே தெரிகிறது.

நம் சட்டப்படி இரண்டு தடவை கேட்டாயிற்று. இனி என் தீர்ப்பு. நம் பயல்கள் சரிந்துவிட்டார்கள். கிதார் ஒல்லி எங்கேடா போனான்? கைச்செலவுக்காவது வாசிக்க வேண்டாமா? அட்டைப் படத்தில் முடியை விரித்துப்போட்டு நிற்கிறான், உள்ளே ஆளையே காணோம். பாடுகிறவன் வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு பாடுகிறான். அட்டையில் அச்சடித்த வரிகளை வைத்துக்கொண்டுதான் எந்த இடம் என்று கண்டுபிடித்தேன். டிரம்ஸ் அடிக்கிற நம் கொல்லன், முதல் ஆல்பத்தில் பித்தளைத் தட்டுகளை என்ன பாடு படுத்துவான்! இப்போது பெரிய முரசு மட்டும் திம் திம் என்று வருகிறது. அவன் தட்டை விட்டுவிட்டான், அவனுக்கும் சேர்த்து நீதான் ஜால்ரா போடுகிறாய். ஹெவி மெட்டலாம். இதில் மெட்டல் எங்கே இருக்கிறது? மெத்தைதான் இருக்கிறது.

இங்கே தறிக்கூடத்தில் புதிதாக இருபது தறி இறக்கியிருக்கிறார்கள். பழசைவிட வேகம், பழசைவிட இரைச்சல். மேஸ்திரி காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பை பஞ்சு கொடுத்தார். பஞ்சு வைத்தால் நூல் அறுகிற சத்தம் கேட்காது என்று யாரும் வைப்பதில்லை.

கீழ்வீட்டம்மா படியேறி வந்து சண்டை. "என்னம்மா இது, எங்க வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் ஆடுது!" முன்பெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை, வயதாகிவிட்டது போல. சரி, இனி ஹெட்போன்தான் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் வீட்டுக்கு நீ மூன்று தடவை போன் பண்ணினாயாம். முதல் தடவை குளித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை கடைக்குப் போயிருந்தேன். மூன்றாவது தடவை என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஞாபகமில்லை. போனில் பேசினால் காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் எடுத்து எடுத்துப் படிக்கலாம். வீணாகப் போன் பண்ணாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. லிஃப்டுக்கு மேலே ஏறும்போது இடுப்பில் பெல்ட்டைப் போட்டுக்கொள்.

உன்னை நம்பி ஏமாந்த
அக்கா

*

பிப்ரவரி 2

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த ஞாயிறே கேசட் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். எங்கள் கூட்டம் உனக்குத் தெரியும்: கடைக்காரர், பல் டாக்டர், பஸ் டிரைவர், நான். நாலு பேருக்கும் பயல்களைத் தவிர வேறு பேச்சு கிடையாது. உன் கடிதம் வந்தால் கடைக்காரர் பாட்டையே நிறுத்திவிடுவார். அவர்களுக்குத் தமிழ் தெரியாதே, வரிக்கு வரி அவர்கள் மொழியில் சொல்வேன். "மெட்டல் எங்கே, மெத்தைதான்" என்கிற இடத்தில் பஸ் டிரைவர் மேஜையைத் தட்டிய தட்டில் கல்லாப்பெட்டி திறந்துகொண்டது.

அப்புறம் அடிதடிதான். மூன்றாவதோடு முடிந்துவிட்டது, கையில் காசு வந்ததும் கோபம் போய்விட்டது என்பது கடைக்காரர் கட்சி. ரேடியோக்காரனுக்குப் பயந்து பாட்டைச் சின்னதாக்கிவிட்டார்கள், பதிவு செய்கிற ஆளை மாற்றியதுதான் தப்பு என்பது பஸ் டிரைவர் கட்சி. வயதானால் யாரும் கத்திக்கொண்டே இருக்க முடியாது, இப்போதுதான் பக்குவமாக வாசிக்கிறார்கள் என்பது பல் டாக்டர் கட்சி. நானும் அவர் கட்சிதான். ஆனால் கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்து, "உங்க அக்கா என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்பார்கள். உன்னை அவர்கள் பார்த்ததே இல்லை, ஆனால் உன் பேச்சுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை.

ஆனாலும் உன் தீர்ப்பு அநியாயம், அக்கா. ஒல்லி வாசிக்கவில்லையா? நாலாவது பாட்டில் இரண்டு நிமிடம் முழுக்க அவன்தானே! மேலே, மேலே, இன்னும் மேலே என்று ஏறுகிறான், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உனக்கு எப்படி அது தப்பியது? சொல்கிறேனே என்று கோபப்படாதே, உனக்கு ரசனை போய்விட்டது. சின்ன வயதில் பிடித்தது மட்டும்தான் நல்லது என்று உட்கார்ந்துவிட்டாய்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் நீ முதல் சம்பளத்தில் அந்த முதல் கேசட்டையும் ஹெட்போனையும் வாங்கி வந்தாய். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "என்னக்கா இது, பாத்திரக் கடையில பூனை பூந்த மாதிரி" என்றேன். நீ என் காதைத் திருகி உட்கார வைத்தாய். "கேக்காம வாயத் தொறக்கக் கூடாது. ரெண்டு தடவ கேளு. அப்புறம் என்ன வேணா திட்டு." உனக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது என்று ஹெட்போனைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டோம். இரண்டாம் தடவை முடிந்ததும் மூன்றாம் தடவை நான்தான் கேட்டேன். அதே சட்டப்படி சொல்கிறேன், ஏழாவதை இன்னொரு தடவை கேள்.

ஒரு செய்தி. எட்டாவது ஆல்பம் ஏப்ரலில் வருகிறது. மிஞ்சிப்போன பாட்டுகளைத்தான் தள்ளிவிடுகிறார்கள் என்று கடைக்காரர் இப்போதே திட்ட ஆரம்பித்துவிட்டார். வந்ததும் பதிந்து அனுப்புகிறேன்.

உன் குரலைக் கேட்டு நாலு வருடம் ஆகிறது, அக்கா. போனை எடுத்தால் என்ன குறைந்துவிடும்? "சாப்பிட்டியாடா" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடேன்.

உன் அன்புத் தம்பி
சுண்டு

*

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

அவசரம். எட்டாவது வந்தே விட்டது! நேற்று இரண்டு கேசட் பதிந்தேன், ஒன்று உனக்கு, ஒன்று பல் டாக்டருக்கு. பாட்டுகளின் பெயரை மேலே எழுதியிருக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், வழியில் தபாலில் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

என் அபிப்பிராயத்தை இப்போது சொல்ல மாட்டேன். உன் தீர்ப்பு வரட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு கேள்!

சுண்டு

*

மே 12

அன்புள்ள சுண்டுவுக்கு,

கேசட் வந்தது. அவசரக்குடுக்கை, பின்பக்கத்துப் பல் இரண்டையும் உடைக்க மறந்துவிட்டாய். கை தவறி நான் பதிவுப் பட்டனை அழுத்தியிருந்தால் பாட்டெல்லாம் அழிந்திருக்காதா? பதிந்ததும் பல்லை உடைக்க வேண்டும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நானே கத்தரிக்கோல் முனையால் இரண்டையும் நெம்பி எடுத்துவிட்டேன். இனி யாராலும் அழிக்க முடியாது.

ஞாயிறு காலை வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தரையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இரண்டு தடவை முழுதாக.

தீர்ப்பு: பயல்கள் முடிந்தார்கள்.

முதல் பாட்டில் எப்போதும் கதவை உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி வருவார்கள். இதில் கதவே திறக்கவில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தாவது பாட்டு ரொம்ப நீளம் என்று மட்டும் சொல்லலாம். ஒல்லியைப் பற்றி இனி நான் பேசப் போவதில்லை, போனவன் போனவன்தான். தொண்டைக்காரன் ஓய்ந்துவிட்டான். போன ஆல்பத்தில் கொல்லனின் முரசாவது மிஞ்சியிருந்தது. இதில் அவனும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எல்லாம் அடங்கிவிட்டது, சுண்டு. இத்தனை வருடம் நம்மோடு கூட வந்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கடையில் படித்துக் காட்டுவாய் அல்லவா? படி. ஆனால் இனி எனக்குக் கேசட் அனுப்ப வேண்டாம். முடிந்துபோனவர்களை வைத்துக்கொண்டு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? உன் வேலையைப் பற்றி எழுது. அறையைப் பற்றி எழுது. ஜன்னலில் என்ன தெரிகிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், எல்லாம் எழுது. அக்காவுக்கு அது போதும்.

இருமல் நின்றதா? வெந்நீர் குடி.

உன்
அக்கா

*

ஜூன் 3

அக்கா,

நலம் விசாரிக்க மனசில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். "ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்" என்கிற இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்க்கட்சிக்காரரான பல் டாக்டர்கூட, "இப்படி எழுதினா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். இந்தத் தடவை நீ ஜெயித்துவிட்டாய் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு பல் டாக்டருக்குப் பதிந்த கேசட்டைக் கொடுக்கலாம் என்று என் இழுப்பறையில் இருந்ததைப் பையோடு கடைக்கு எடுத்துப் போனேன். மேஜையில் கொட்டினால் இரண்டு கேசட். இரண்டிலும் பல் உடைத்திருக்கிறது. கடைக்காரர் இரண்டையும் போட்டுப் பார்த்தார். இரண்டிலும் எட்டாவது ஆல்பம் பாடுகிறது.

"ரெண்டும் இங்கயே இருக்கே. அப்ப அக்காவுக்கு என்ன போச்சு?" என்றார்.

உனக்குப் போனது வெறும் கேசட், அக்கா. பஸ் டிரைவருக்குப் பதியலாம் என்று பெயர் மட்டும் எழுதி வைத்த காலிக் கேசட். அவசரத்தில் நான் செய்த தப்பு. ஆனால் நீ செய்தது என்ன? பஸ் டிரைவர்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீ கண்ணில் தண்ணீர் வரவைத்த அதே ஆட்கள். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கேட்கவே இல்லை நீ. இரண்டு தடவை முழுதாகக் கேட்டேன் என்று கூசாமல் எழுதியிருக்கிறாய். "கதவே திறக்கவில்லை"யாம்! காதைத் திருகிச் சட்டம் போட்டவள் நீ. என்னைக் கேட்க வைத்தவள் நீ. இத்தனை வருடமாக நீ எழுதியதெல்லாம் இப்படித்தானா? அட்டையைப் பார்த்து, பாட்டுப் பெயரைப் பார்த்து, வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாயா? நான் முட்டாள் மாதிரி ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தேனா?

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, கேட்க நேரமில்லை என்றால் நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். வெறும் கேசட்டுக்கு இரண்டு பக்கம் எழுதுகிறாயே, உனக்கு என்ன காது செவிடா?

சுண்டு

*

ஜூலை 15

அக்கா,

ஆறு வாரம் ஆகிறது. கோபமாக இருந்தால் திட்டி எழுது. கீழ்வீட்டுக்குப் போன் பண்ணினேன். அந்த அம்மா உன்னைக் கூப்பிட்டுவிட்டு வந்து, "படில நின்னு கையால வேணாம்னு காட்டிட்டுப் போயிட்டா" என்றார்கள். அந்த அளவுக்கா?

நான் எழுதியதில் கடைசி வரி அதிகம். அவமானத்தில் எழுதிவிட்டேன். பதில் போடு.

சுண்டு

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள சுண்டுவுக்கு,

கேட்டிருந்தாய். ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது. இனி மற்றது சுலபம்.

தறிக்கூடத்தில் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை. வாயைப் பார்த்துத்தான் பேசுவோம். அங்கே நின்று நின்று எனக்கு அது பழகிவிட்டது. அதனால் காது போவது எனக்கே தெரியவில்லை. எதிரில் நிற்கிறவர் சொல்வதெல்லாம் புரிந்தது. பாட்டுதான் புரியவில்லை. பாட்டுக்கு வாய் இல்லையே. பயல்கள் கெட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆறாவது ஆல்பம் வரை அவர்களைத்தான் திட்டினேன். பழைய மூன்றையும் போட்டால் எல்லாம் முழுதாகக் கேட்டது, அதனால் சந்தேகமே வரவில்லை. பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பழகிய பாட்டில் காதுக்கு வராததை ஞாபகம் நிரப்பிவிடுமாம்.

ஒரு நாள் குக்கர் எரிந்து புகை வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன். அது எத்தனை விசில் அடித்ததோ. அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். "தறியில எத்தன வருஷம்மா?" என்று கேட்டார். பதினெட்டு என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. காதில் மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் கேட்கும், பாட்டு பழையபடி கேட்காது என்று மட்டும் சொன்னார்.

ஏழாவதுக்கு எழுதியபோது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பயல்கள் மேல் பழியைப் போட்டேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சொன்னால் நீ உடனே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து நிற்பாய், என்னைப் படிக்க வைக்கத்தானே தறியில் நின்றாய் என்று அழுவாய். எனக்கு அது வேண்டாம். உனக்காக நின்றேன் என்று எவன் சொன்னான்? எனக்குத் தெரிந்த வேலை, நின்றேன். அந்த ஹெட்போனை வாங்கிக் கொடுத்ததும் தறிதான்.

ஆனால் எட்டாவதைக் கேட்காமல் வாய் திறந்தேன் என்று எழுதினாயே, அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. நான் கேட்டேன், சுண்டு. சக்கரம் சுற்றியது. ஒன்றும் வரவில்லை. சத்தத்தை முழுதாக வைத்தேன். வரவில்லை. போன மாதம்வரை முரசாவது கேட்டதே, அதுவும் போய்விட்டது, இன்றோடு முழுதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கீழே போய் யாரையாவது கேட்டுப் பார்க்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். மறுபடியும் சுற்றியது. பிறகு சட்டப்படி இரண்டாம் தடவையும் முதலிலிருந்து போட்டேன். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கேட்டேன். நான் எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கதவு திறக்கவில்லை. எல்லாம் அடங்கிவிட்டிருந்தது.

உன் கடிதத்தைப் படித்து அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. வெறும் கேசட் என்றால்? ஓடிப்போய் ஏழாவதை எடுத்துப் போட்டேன். திம் திம் என்று வருகிறான் கொல்லன்! இருக்கிறான்! கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறான். நீ என்னைத் திட்டிய கடிதம்தான் எனக்கு அவனைத் திருப்பிக் கொடுத்தது. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

போனை எடுக்காததற்கும் காரணம் புரிந்திருக்கும். படியில் நின்று கையைக் காட்டியது கோபத்தில் இல்லையடா.

உன்
அக்கா

*

ஆகஸ்ட் 29

அக்கா, என் அக்கா,

எப்படி எழுதுவேன்? எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இது எட்டாவது தாள்.

நீ அனுப்பிய பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். நாலாவது ஆல்பத்துக்கு எழுதியிருக்கிறாய், "கொல்லன் பித்தளைத் தட்டை மறந்துவிட்டான்." ஐந்தாவதுக்கு, "ஒல்லி மேலே ஏறும்போது பாதி வழியில் காணாமல் போகிறான்." ஆறாவதுக்கு, "பாடுகிறவன் சொல்லை மென்று முழுங்குகிறான்." ஏழாவதுக்கு, "பெரிய முரசு மட்டும்." பயல்களின் சரிவு என்று நினைத்து நாலு பேருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேனே, அக்கா, அது உன் காது. வருடம் தவறாமல் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாய். நான் அதற்கு, உனக்கு ரசனை போய்விட்டது என்று பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் வந்திருந்தபோது, ஏன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன். "ஆசையாத்தான்டா" என்றாய். அதையும் நம்பினேன். லிஃப்ட் கம்பியில் ஒரு இழை அறுந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். நாசமாய்ப் போகட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம்.

கடைக்குப் போய்ச் சொன்னேன். பஸ் டிரைவர் வெளியே எழுந்து போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை.

நீ சொன்னதே சரி, அக்கா. பயல்கள் சரிந்துவிட்டார்கள். எட்டாவதை மறுபடி கேட்டேன், ஒன்றுமே இல்லை அதில். ஏழாவதும் அப்படித்தான். நான் வீம்புக்கு வாதாடினேன். ஒல்லி வாசிக்கவில்லை, தொண்டைக்காரன் முழுங்குகிறான், எல்லாம் நீ எழுதியது மாதிரியேதான். நீ ஜெயித்துவிட்டாய். இனி அவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். டிசம்பரில் லீவு போட்டு வருகிறேன். நல்ல மெஷினாக வாங்கி வருகிறேன். தறியை விட்டுவிடு. என்னை மன்னித்துவிடு.

உன்
சுண்டு

*

செப்டம்பர் 24

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க அழுதேன், மறுநாள் கோபம் வந்தது.

டிசம்பரில் வா. மெஷினும் கொண்டு வா, போட்டுக்கொள்கிறேன். தறியைப் பற்றி வந்த பிறகு பேசலாம். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன், நூல் பிரிக்கிற அறைக்கு மாற்றியிருக்கிறார், அங்கே இரைச்சல் இல்லை. இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் பயல்கள் சரிந்துவிட்டார்கள் என்று எழுதினாயே, அது யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? நாலாவது பாட்டில் ஒல்லி மேலே ஏறும்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறாய். கடிதம் என் கையில் இருக்கிறது. ஆகஸ்டில் அவன் வாசிக்கவே இல்லையா? நீ எனக்கு எதிலாவது விட்டுக்கொடுத்திருக்கிறாயா? சின்ன வயதில் ஜன்னலோரச் சீட்டைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது பாவம் பார்த்துத் தோற்றுப்போகிறாய். காது போனது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை, சுண்டு. நாளைக்கு எல்லோரும் என்னிடம் பாவம் பார்ப்பார்கள், கீழ்வீட்டம்மா ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். நீயும் ஆரம்பித்தால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

அதனால் இதைக் கடையில் நாலு பேர் முன்னால் படி. முதல் மூன்று ஆல்பத்துக்கு நான் சொன்னது நிற்கும். நாலிலிருந்து எட்டு வரை சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் அவற்றைக் கேட்கவில்லை. கேட்காததற்கு எனக்கு அபிப்பிராயம் கிடையாது. அக்கா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல். பல் டாக்டர் ஜெயித்தார் என்றும் சொல்லிவிடு, பாவம், நீயும் கட்சி மாறி அவரை ஒண்டியாக விட்டுவிட்டாய்.

இனி நீ கேட்டு எனக்கு எழுது. எந்த நிமிடத்தில் யார் என்ன செய்கிறான் என்று எழுது. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று மட்டும் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

இதோடு ஒரு கேசட் வைத்திருக்கிறேன். அந்த எட்டாவது கேசட்தான். நான் பல்லை உடைத்து வைத்திருந்தேன் அல்லவா, அந்த ஓட்டை இரண்டின் மேலும் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டுப் பதிவுப் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருக்கிறேன். வீட்டைப் பற்றி, தறியைப் பற்றி, சாப்பிட்டியாடா என்று இரண்டு மூன்று தடவை. நாலு வருடமாக நீ கேட்டது.

தன் குரல் தனக்குக் கேட்காமல் போனால் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிடும் என்று டாக்டர் சொன்னார். சிலருக்குச் சொல் குழறுமாம். எனக்கு ஆரம்பித்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கத்துகிறேனா முணுமுணுக்கிறேனா என்றும் தெரியாது. ஆரம்பிப்பதற்கு முன்னால் பதிந்துவிடலாம் என்று நினைத்தேன், முன்னாலா பின்னாலா என்று நீதான் சொல்ல வேண்டும். திரும்பப் போட்டுப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது.

நான் கொல்லனையும் ஒல்லியையும் விட்டுவைக்காத மாதிரியே நீயும் என்னை விட்டுவைக்காதே. எந்த இடத்தில் சரிகிறது என்று உள்ளபடி எழுது. அழிந்துவிடாமல் ஒட்டுத்தாளைப் பிய்த்துவிட்டேன்.

அரை நிமிடம் கேட்டுவிட்டு அழுதுகொண்டு பேனாவை எடுக்காதே. ரெண்டு தடவ கேளு.

உன்
அக்கா